வில்லியனூர்ச் சாலையில் காரின் உருவம்

புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர்கள் தேரின் அமைப்பைக் கிட்டத்தில் பார்த்திருப்பார்கள். நம் பக்கத்துத் தேர்களுக்கெல்லாம் பொதுவான கட்டுமானம்தான். அடியில் சக்கரம், அச்சு, அதன்மேல் சிற்ப வேலை நிறைந்த மரத்தட்டுகள்; இவை நிலையானவை. அதற்கு மேலே கோபுரம்போல் எழும்பி நிற்பது திருவிழாவுக்குத் திருவிழா சட்டமும் சீலையும் தொம்பையுமாகக் கட்டிப் பிரிப்பது. பாரம் சுமப்பது கீழ்த்தட்டு. ஊரார் கண்ணை நிறைப்பது மேற்கட்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து இழுத்த தேர் அது. அந்த மரபுப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆங்கிலத்தில் இந்த விழாவை எழுதுகிறவர்கள் 'கார் ஃபெஸ்டிவல்' என்பார்கள். தேருக்கும் காருக்கும் அங்கே ஒரே சொல்.

தேர் வீதியை விட்டு வெளியே வந்து விழுப்புரம் சாலையோரம் சற்று நேரம் நின்றால், கண் முன்னே போகும் கார்களில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கின்றன. நெஞ்சை நிமிர்த்திய முகம், உயர்ந்த பானெட், குறுகிய கண்ணாடி, குட்டையான பின்பக்கம். மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர்ப் பக்கம் போகப் போகச் சாலை ஒடுங்கும். அறுவடை நாட்களில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் சைக்கிளும் டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் பெரிய முகக் கார்களும் ஒன்றையொன்று ஒதுங்கிப் போக வேண்டும். காரின் உருவம் எழுபது எண்பது ஆண்டுகளில் எப்படி இங்கே வந்து நின்றது, அந்த மாற்றத்தில் நம் கொம்யூன் சாலைகளுக்கு எது நன்மை, எது கேடு என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. ஓவியனின் கற்பனையில்தான் காரின் உருவம் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தகரத்தை எப்படி வளைக்க முடியும், அரசு எதற்கு வரி போடும், சட்டம் எதைத் தடுக்கும் என்ற மூன்றும்தான் அதைப் பெருமளவு தீர்மானித்தன என்பது என் முடிவு.

மோட்டார் கார் முதலில் தேரைப் போலத்தான் கட்டப்பட்டது. அடியில் சட்டகம், அதில் எஞ்சினும் சக்கரமும். அதன்மேல் குதிரை வண்டி கட்டிய தச்சர்கள் மரச்சட்டம் அடித்துத் தகடு போர்த்தி உட்காரும் கூடு கட்டினார்கள். சென்னையில் கோச்சு வண்டி கட்டிப் பேர் பெற்ற சிம்சன் கம்பெனியில் 1903லேயே நீராவிக் கார் ஒன்று உருவானது. அமெரிக்காவில் ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. வேகமாகக் காயும் வண்ணப் பூச்சுகள் 1920களின் நடுவில் வந்த பிறகுதான் நிறம் ஒரு விற்பனைப் பொருளானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1927இல் ஹார்லி ஏர்லை வைத்து அழகுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. ஆண்டுதோறும் முகத்தை மாற்றி, போன வருடக் காரைப் பழசாக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எஃகுத் தகட்டின் கதை. ஒரு கார்க் கூரையை ஒரே தகட்டில் அழுத்தி எடுக்கும் அளவுக்கு அகலமான தகடு 1930களின் நடுவில்தான் அமெரிக்காவில் பரவலானது. அதுவரை கூரையின் நடுவில் துணிதான். பெரிய அச்சில் வைத்துத் தகட்டை ஆழமாக அழுத்தும்போது கூர்மையான மூலை கிழிந்துவிடும். உருண்டையான மூலை தாங்கும். அந்தக் காலத்துக் கார்கள் சட்டி பானைபோல் உருண்டு இருந்ததற்குக் காற்றைக் கிழிக்கும் ஆசை ஒரு காரணம் என்றால், கிழியாமல் அழுத்த வேண்டிய கட்டாயம் இன்னொன்று. வில்லியனூர்ச் சுடுமண் கைவினைஞர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருகையில் ஏற்றிய மண்ணுக்கும் உருண்டைதான் இயல்பு. மூலை வேண்டுமென்றால் தனியே வனைந்து ஒட்ட வேண்டும்.

நம் ஊரில் காருக்குப் 'பிளசர்' என்று பெயர் வழங்கிய காலத்தை எழுபது வயதுக்காரர்கள் சொல்வார்கள். அதன் பிறகு நீண்ட காலத்துக்குக் கார் என்றால் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவத்தை உரிமையோடு வாங்கி, உத்தர்பாராவில் 1958இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் தயாரிப்பைத் தொடங்கியது. 2014 மே மாதம் அது நின்றது. ஐம்பத்தாறு ஆண்டுகளில் கிரில் மாறியது, பம்பர் மாறியது, விளக்கின் சுற்று மாறியது. கூரையின் வளைவு மாறவே இல்லை. இதைப் பலர் சோம்பல் என்று குறை சொல்வார்கள். உண்மையில் அச்சுக்குச் செலவாகும் பணம் அப்படி. ஒரு கதவின் வெளித்தகட்டை மாற்றினால் அதற்குரிய அச்சு முழுவதையும் மாற்ற வேண்டும். இறக்குமதி அடைபட்டு, போட்டியும் இல்லாத சந்தையில் அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை. ஆனால் அந்தப் பழைய உருவத்தில் ஒரு கண்ணியம் இருந்தது. ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். சோபாபோல் நிமிர்ந்த இருக்கை. வேட்டி கட்டியவரும் ஒன்பது கஜம் கட்டிய பாட்டியும் குனியாமல் ஏறி உட்கார்ந்தார்கள். பிரசவத்துக்கு அழைத்துப் போவதும் அதில்தான், மாப்பிள்ளை அழைப்பும் அதில்தான்.

அதன் அருகே பியட். 1964இல் இங்கே வந்த 1100 டிலைட் உருவம்தான் பின்னால் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் முடிவு வரை ஓடியது. அதன் பின்பக்க மூலைகளில் சின்னஞ்சிறு வால் இறக்கைகள் உண்டு. 1948இல் கேடிலாக் காரில் போர் விமானத்தின் வாலைப் பார்த்து ஹார்லி ஏர்ல் குழு வைத்த இறக்கை, 1959இல் அமெரிக்காவில் உச்சிக்குப் போய், அங்கே செத்தும் போனது. அதன் குட்டிச் சாயல் மட்டும் பத்மினியின் முதுகில் நம் ஊர்களில் நாற்பதாண்டு வாழ்ந்தது.

மூன்றாவது, நம் சொந்தக்காரக் கார். வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலொத்தி. கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடுகள், மெல்லிய தூண்கள், நான்கு பக்கமும் கண்ணாடி. முகம் முழுவதும் — பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து — ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். திறந்தால் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். உலகம் சட்டகத்தையும் கூட்டையும் ஒன்றாகப் பற்றவைக்கத் தொடங்கிய காலத்தில் ஹெரால்டு தனிச் சட்டகத்தோடு வந்தது. அதற்குக் காரணம் அழகுக்குச் சம்பந்தமில்லாதது. இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய டிரையம்புக்குக் கூடு செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது; ஆகவே சிறு சிறு துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, சட்டகத்தின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி வரைய வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் பிறந்த உருவம் நம் மெக்கானிக்குகளுக்கு வரமாக அமைந்தது. ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பும் அந்தக் கார் கோயில் மாட வீதிகளுக்கென்றே அளவெடுத்தது போலிருக்கும். 1968இல் நம்மவர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் இருந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. குடும்பத்தோடு போகிறவன் பின் இருக்கைக்கு நுழைந்து போக மாட்டான் என்று புரிந்து செய்த திருத்தம் அது. வண்டலூர்க்காரர்கள் செய்த இந்த வேலைக்கு உரிய மரியாதையை நாம் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அதே கம்பெனி 1985இல் ரோவர் எஸ்டி1 காரின் உடலை எடுத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டது. சாலையில் நின்றால் திரும்பிப் பார்க்க வைக்கும் உருவம். ஆனால் உள்ளே இருந்தது பழைய வான்கார்டு கார் வழி வந்த எஞ்சின், பெட்ரோலைக் குடித்தது. 1988இல் கதை முடிந்தது. மேற்கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழ்த்தட்டு தாங்காவிட்டால் தேர் நகராது.

கிராமத்தை மனத்தில் வைத்தே ஒரு காரை வரைந்தார்களா என்று தேடினால் பிரான்சுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சிட்ரோயென் கம்பெனியின் பியர் பூலான்ழே 1930களில் தன் பொறியாளர்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு விவசாயிகளும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. தலையில் தொப்பியோடு உட்கார முடிகிறதா என்று அவரே ஏறிப் பார்த்தார் என்பார்கள். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த அந்த 2சிவி காருக்குச் சுருட்டி எடுக்கும் துணிக் கூரை, நெளித்தகடுபோல் பானெட், போல்டைக் கழற்றினால் கையோடு வரும் மட்கார்டு. வந்த நாளில் அவலட்சணம் என்று கேலி செய்தார்கள். 1990 வரை விற்றது. அது வெளிவந்தபோது பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சு நிலமாகவே இருந்தன. 1954 நவம்பர் 1இல்தான் ஆட்சி கைமாறியது. நெல் வயல் சூழ்ந்த பாகூருக்கு இப்படி ஒரு கார் எவ்வளவு பொருந்தியிருக்கும்! சுதந்திர இந்தியாவில் எந்தக் கம்பெனியும் விவசாயியை முன்னால் உட்கார வைத்துக் கேட்டு ஒரு காரை வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ராணுவத்துக்கு வரைந்த ஜீப்தான் நம் கிராமத்துக்கு வாய்த்தது.

இந்த இடத்தில் டிங்கர் பட்டறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உருவத்தின் மாற்றம் உண்மையில் எங்கே உறைத்தது என்றால் அங்கேதான். சாலையோரம் கீற்றுக் கொட்டகை. தரையெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகத் தூசி. அம்பாசிடர் மட்கார்டு ஒன்று ஒடுங்கி வந்தால் டிங்கர் முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணைவிட விரலுக்குத்தான் பள்ளம் தெரியும். உட்பக்கம் இரும்பு டாலியை அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே வருவார். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு உப்பிவிடும். தட்டி முடித்துப் பட்டி பூசி, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, பெயிண்ட். இரண்டு மூன்று நாள் வேலை. புதுச்சாமான் எதுவும் வேண்டாம், கூலி மட்டும். விளக்கு உடைந்தாலும் கவலை இல்லை. ஏழு அங்குல வட்ட விளக்கு அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் பொது; எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் தொங்கும்.

மாருதி 800 வந்தபோது டிங்கர்களின் முதல் புகார் தகடு மெலிது என்பதுதான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கைமாறியது, விலை ரூ.47,500. நீளம் 3.3 மீட்டர், உயரம் 1.4 மீட்டர். அம்பாசிடர் பக்கத்தில் நிறுத்தினால் தீப்பெட்டி. 1986இல் வந்த இரண்டாவது உருவம்தான் 2014 வரை ஓடியது. பெட்டி போன்ற அந்த நேர்கோட்டு உடலுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1974இல் ஜொர்ஜெத்தோ ஜூஜாரோ வரைந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், காகிதத்தை மடித்ததுபோல் தகட்டை மடிக்கலாம் என்று காட்டியது. உலகமே சில ஆண்டுகளுக்குப் பெட்டியானது. பெங்களூர் சிபானியின் டால்பின் 1982இல் ஃபைபர் கண்ணாடி உடலோடு வந்து பார்த்தது. துருப்பிடிக்காது என்பது நன்மைதான். விரிசல் விட்டால் சுத்தியல் பிடித்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது நிலைக்கவில்லை.

1990களில் கோடுகள் கரைந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாவில் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கிய உருவங்கள் வரத் தொடங்கின. 1982இன் ஆடி 100 அதில் ஒரு மைல்கல். நமக்கு அது 1993இல் மாருதி ஜென் வடிவில், பின்னர் சியலோ, எஸ்கார்ட், ஹோண்டா சிட்டி என்று வந்தது. தாழ்ந்த மூக்கு, சாய்ந்த கண்ணாடி, சோப்புக் கட்டிபோல் வழவழப்பு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டரில் போகிறவனுக்கு அது பெரிய மிச்சம். மணிக்கு நாற்பதைத் தாண்டாத பாகூர்ச் சாலையில் அதன் பயன் கொஞ்சம்தான்; ஆனால் தாழ்ந்த இருக்கையின் துன்பம் முழுவதும் நமக்கே. முழங்கால் வலிக்காரர்களைக் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. கூடவே பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் பம்பரும் வந்தது. அதைச் சுத்தியலால் தட்ட முடியாது. பெரும்பாலும் கழற்றிப் போட்டுப் புதிது மாட்ட வேண்டும். டிங்கர் தொழிலின் பாதி அங்கே போனது.

பிறகு நல்ல திருத்தம் ஒன்று நம் பக்கத்திலிருந்தே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் விட்ட சான்ட்ரோ. கூம்பிய தலை, உயர்ந்த கூரை. அசிங்கம் என்றார்கள். உட்கார்ந்து பார்த்ததும் பேச்சு மாறியது. கதவைத் திறந்தால் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும். உட்காரவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், சாய்ந்தால் போதும். அடுத்த ஆண்டு வேகன் ஆர் அதே வழியில் வந்தது. அம்பாசிடர் தந்த நிமிர்ந்த இருக்கை மூன்றரை மீட்டர் நீளத்துக்குள் திரும்பக் கிடைத்தது.

அதன் பின் காரின் பின்பக்கத்தை வரைந்தது ஒரு பட்ஜெட். 2006இல் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி, டீசல் 1,500 சிசி தாண்டக் கூடாது. அன்று முதல் இந்தியச் சந்தைக்குக் கார் வரைகிற எல்லோர் மேசையிலும் அந்த நான்கு மீட்டர் கோடு இருக்கிறது. 2008இல் நீளமான டிக்கியோடு வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் டிக்கி நறுக்கப்பட்டு 3,995 மில்லிமீட்டரில் நின்றது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 3,999. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியமைத்தபோதும் அதே நான்கு மீட்டர் எல்லைதான்: உள்ளே இருந்தால் 18 விழுக்காடு, வெளியே போனால் 40. இது கலைக்குக் கேடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. எதிரே வரும் டிராக்டருக்கு ஒதுங்கி, வயல் வரப்போரம் நிற்க வேண்டிய சாலையில் நான்கு மீட்டர் கார் ஒரு நன்மை. வரிச் சட்டம் தற்செயலாக நம் சாலைக்கு ஏற்ற அளவைத் தந்தது.

ஆனால் நீளத்தை அளந்த சட்டம் உயரத்தை அளக்கவில்லை. நீளத்தில் காட்ட முடியாத பகட்டை முகத்தில் காட்டத் தொடங்கினார்கள். 2000இல் பொலேரோ, 2002இல் ஸ்கார்பியோ, அதன் பின் எல்லாக் கம்பெனியும். இன்று நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் எஸ்யூவி வகை. கூரைத் தூண்களும் தடித்துவிட்டன. உருண்டாலும் மோதினாலும் உள்ளிருப்பவரைக் காக்க அது வேண்டும். ஹெரால்டின் மெல்லிய தூணுக்கு நான் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனாலும் தெருமுனையில் வளையும்போது அந்தத் தூணின் பின்னால் ஒரு சைக்கிள்காரர் முழுதாக மறைந்துவிடுகிறார் என்பதை ஓட்டுகிறவர்கள் மறக்கக் கூடாது.

பானெட்தான் என் பெரிய கவலை. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த பானெட் உள்ள வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகம் உள்ள வண்டியைவிட நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 விழுக்காடு கூடுகிறது என்று தெரிந்தது. 40 அங்குலம் என்பது ஒரு மீட்டர் சொச்சம். நான்கு வயதுக் குழந்தையின் உயரம். தாழ்ந்த மூக்கு காலில் மோதி ஆளைப் பானெட்டின் மேல் சாய்க்கும். செங்குத்தான முகம் நெஞ்சிலும் தலையிலும் மோதிக் கீழே தள்ளும். நம் நாட்டிலும் நடப்போரைக் காக்கும் விதி 2018 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கு வந்தது. ஆனால் வண்டி வாங்கிய கையோடு முன்னால் இரும்புக் குழாயில் 'புல் பார்' பூட்டுகிறவர்கள் அந்த விதியின் பயனையே அழித்துவிடுகிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. இன்னமும் அது பூட்டிய வண்டிகளைப் பார்க்கிறேன். அது ஏர்பேக் சரியான நொடியில் விரிவதையும் கெடுக்கும்.

உயர்ந்த வண்டி ஏன் வேண்டும் என்று கேட்டால் மழையைக் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன. ஆனால் வெள்ளத்துக்கு வேண்டியது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே உள்ள இடைவெளியும், எஞ்சின் காற்று இழுக்கும் குழாய் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதும்தான். பானெட்டைச் சுவராக நிமிர்த்துவதால் தண்ணீர் வழி விடாது. அடிவயிறு உயர்ந்து, மூக்கு தாழ்ந்து சரிந்த காரை வரைய முடியும். 2சிவி அதைத்தான் செய்தது.

மின்சாரக் காரில் ரேடியேட்டருக்கென்று பெரிய கிரில் தேவையில்லை; முன்னால் பெரிய எஞ்சினும் இல்லை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் மின்சார கிரெட்டா தயாராகிறது. முகத்தைத் தாழ்த்த இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஆனால் பேட்டரி தரையடியில் படுத்திருப்பதால் தளம் உயர்கிறது. கூடவே முகத்தையும் உயர்த்தியே வைக்கிறார்கள். எஞ்சின் போன பிறகும் எஞ்சின் இருப்பதுபோல் பானெட்டை நிமிர்த்துவது பழக்கத்தின் பிடி. பொறியியலில் அதற்குத் தேவை இல்லை. அம்பாசிடர் செத்த பிறகு அதன் கம்பெனிக் குடும்பமும் பிரெஞ்சுக்காரர்களும் கூட்டுச் சேர்ந்தார்கள்; திருவள்ளூரில் உள்ள ஆலையில் இன்று சிட்ரோயென் கார் தயாராகிறது. அங்கே வரைகிறவர்கள் தங்கள் பூலான்ழே கேட்ட கேள்வியை ஒருமுறை நம் வயலோரத்தில் நின்று கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் தீர்ப்பு இதுதான். வில்லியனூர், பாகூர்ச் சாலைகளுக்கு இதுவரை வந்தவற்றில் மிகப் பொருத்தமான உருவம், நான்கு மீட்டருக்குள் அடங்கிய, கூரை உயர்ந்த, மூக்கு குட்டையாகச் சரிந்த சிறு கார். புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவரையும் சின்னக் குழந்தையையும் அழைத்துப் போங்கள். பெரியவர் கை பிடிக்காமல் ஏறி இறங்குகிறாரா பாருங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையை வண்டியின் முன்னால் மூன்றடி தள்ளி நிறுத்தச் சொல்லி, நீங்கள் ஸ்டியரிங் முன் உட்காருங்கள். தலை தெரியாவிட்டால் அந்தக் காரை வாங்காதீர்கள். பழைய வண்டியில் புல் பார் இருந்தால் நாளைக்கே கழற்றிவிடுங்கள்.